நிலம் வாங்குமுன் மண்ணையும் நீரையும் பாருங்கள்

(உழவர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம், சுழி பார்க்கிறோம். நிலம் வாங்கும்போது மட்டும் பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றோடு நின்றுவிடுகிறோம். பத்திரத்தில் வில்லங்கம் இல்லாவிட்டாலும் மண்ணில் வில்லங்கம் இருக்கலாம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் உழவர் கிணற்று நீரைப் பாட்டிலில் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். வீட்டு நகையை விற்று, மீதிக்கு வங்கிக் கடன் பெற்று, இரண்டு ஏக்கர் வாங்கியிருந்தார். நட்ட வெங்காயம் தாள் நுனி கருகி நின்றது. நீரின் மின்கடத்துத்திறன் 4-க்கு மேல் இருந்தது. "இதற்கு என்ன மருந்துங்க, ஐயா?" என்று கேட்டார். கிரயம் முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

இது ஒருவருடைய கதையன்று. திருப்பூர் சாயப்பட்டறைக் கழிவால் நொய்யல் கரையிலும், தோல் பதனிடும் கழிவால் பாலாற்றுப் படுகையிலும் பல கிணறுகள் கெட்டன. பாலாற்றுப் பகுதி வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே இழப்பீடு தரவேண்டும் என்று தீர்ப்பளித்தது. கழிவுநீரை வெளியேற்றாத முறைக்கு மாறாத திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. ஆயினும் பட்டறை நின்ற மறுநாளே மண்ணில் இறங்கிய உப்பு போய்விடாது. ஆகவே, வாங்குபவர் முன்கூட்டியே பார்ப்பதுதான் பாதுகாப்பு.

பார்க்கும் முறையை வரிசையாகக் கூறுகிறேன்.

முதலாவது, விசாரணை. கடந்த 20, 30 ஆண்டுகளில் அந்த நிலத்தில் என்ன நடந்தது என்று ஊர்ப் பெரியவர்களிடமும் பக்கத்து நிலத்துக்காரரிடமும் கேளுங்கள். செங்கல் சூளைக்கு மேல்மண் எடுத்தார்களா? பள்ளத்தைக் குப்பையால் மூடினார்களா? இறால் பண்ணை இருந்ததா? மேட்டுப்புறத்தில் பட்டறையோ ஆலையோ உண்டா? நிலம் ஏன் தரிசாகக் கிடக்கிறது?

இரண்டாவது, நேரில் பார்வை. கோடையில் ஒரு முறை நிலத்தைச் சுற்றி நடந்து வாருங்கள். வெண்மையாக உப்புப் பூத்திருக்கிறதா, மரங்கள் நுனியிலிருந்து காய்கின்றனவா, கிணற்று நீரில் நிறமோ வாடையோ உள்ளதா, ஆடுமாடுகள் அந்த நீரைக் குடிக்கின்றனவா என்று கவனியுங்கள்.

மூன்றாவது, ஆய்வு. நிலத்தில் 10 முதல் 15 இடங்களில் 'வி' வடிவக் குழி வெட்டி, 15 சென்டிமீட்டர் ஆழம் வரை மண் எடுத்துக் கலந்து, அரைக் கிலோ அனுப்புங்கள். தென்னை, மா வைப்பதானால் 30, 60, 90 சென்டிமீட்டர் ஆழங்களில் தனித்தனியே எடுக்கவேண்டும். மோட்டாரைப் பத்து நிமிடமாவது ஓடவிட்டு, பிறகு வரும் நீரில் பாட்டிலை அலசி, ஒரு லிட்டர் பிடியுங்கள். வழக்கமான மண் ஆய்வில் குரோமியம் போன்ற உலோகங்களைப் பார்ப்பதில்லை. தோல் பதனிடும் பகுதியானால் அதைத் தனியே கேட்டு ஆய்வு செய்யவேண்டும்.

முடிவை எப்படிப் படிப்பது? நீரின் மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 0.75 டெசிசைமனுக்குள் இருந்தால் பெரும்பாலான பயிர்களுக்கு ஏற்றது. 2.25-ஐத் தாண்டினால் சாதாரண நிலையில் பாசனத்துக்கு ஏற்றதன்று. மண்ணின் கார அமில நிலை 8.5-க்கு மேல் போனால் களர்த் தன்மையை ஐயுறலாம்.

களர் நிலத்தை ஜிப்சம் இட்டுத் திருத்தலாம். உவர் நிலத்தை நல்ல நீர் தேக்கி வடித்துத் திருத்தலாம். ஆனால் கிணற்று நீரே உப்பாக இருந்து, வேறு நல்ல நீரும் இல்லையெனில், விலை மலிவு என்று ஆசைப்படாதீர்கள்.

ஆய்வு முடிவு வரும் வரை வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். அந்த மண்ணை ஒரு தொட்டியிலும், நம் வயல் மண்ணை மற்றொன்றிலும் நிரப்பி, அந்தந்தக் கிணற்று நீரையே ஊற்றிப் பாசிப்பயறு விதையுங்கள். பத்து நாளில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஓரளவு தெரியும்.

கடைசியாக, பணம் பற்றி. முன்பணம் கொடுக்கும்போதே, மண், நீர் ஆய்வு முடிவு சரியாக இருந்தால்தான் கிரயம், இல்லையேல் முன்பணம் திரும்ப வரவேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கடன் கேட்கும்போது ஆய்வு அறிக்கையையும் வங்கியில் காட்டுங்கள். வங்கி அடமானமாக எழுதிக்கொள்வது நிலத்தை. ஆனால் தவணை கட்டுவது விளைச்சல். விளையாத நிலம் வாங்கியவருக்கும் சுமை, கடன் கொடுத்தவருக்கும் சுமை.

ஆய்வுக்கு ஆகும் செலவு பத்திரச் செலவில் ஒரு சிறு பங்குதான். அந்த நீர்ப் பாட்டிலைக் கிரயத்துக்குப் பின் அல்ல, முன்பே எங்களிடம் கொண்டுவாருங்கள்.