மின் ஆய்வாளரும் நம் இல்லங்களும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இசையும் நாடகமும் காத்திருக்கும் இவ்வேளையில் மின்சாரத்தைப் பற்றிப் பேச வந்துள்ள நம்மைப் பொறுத்தருள வேண்டுகிறோம். இம்மேடையின் விளக்கும் ஒலிபெருக்கியும் மின்சாரத்தின் தயவால் இயங்குவன. நம் பிள்ளைகளுள் சிலரேனும் அதனைக் காவல் செய்யும் பணிக்கு வரவேண்டும் என்னும் அவாவினாலேயே இப்பொருளைத் தேர்ந்தோம்.

இத்தலைநகரில் நெடுநாள் வாழ்வோர் 1997ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் நாளை மறந்திருக்க மாட்டார்கள். அன்று பிற்பகல், கிரீன் பார்க்கிலுள்ள உப்ஹார் திரையரங்கில் 59 பேர் மாண்டனர். கட்டடத்தின் தரைத்தளத்தில் இருந்த மின்மாற்றி அன்று காலையிலேயே ஒருமுறை தீப்பற்றிப் பழுதுபார்க்கப்பட்டது. அப்பழுதுபார்ப்பு முறையாகச் செய்யப்படவில்லை என்பது பின்னர் வழக்கு விசாரணையில் வெளிப்பட்டது. சரியாக இறுக்கப்படாத கேபிள் இணைப்பொன்று சூடேறித் தளர்ந்தது; மின்மாற்றியின் எண்ணெய் கசிந்து எரிந்தது; அருகில் நின்ற கார்களும் பற்றின. புகை படிக்கட்டு வழியே பால்கனிக்கு ஏறியது. வெளியேறும் வழிகள் சரிவர இல்லாமையால் மக்கள் மூச்சுத் திணறி இறந்தனர். ஓர் இணைப்பின் தளர்ச்சி எத்தனை குடும்பங்களின் விளக்கை அணைத்தது, பார்த்தீர்களா?

இத்தகைய தளர்ச்சியை விபத்துக்கு முன்னரே கண்டு, "இது கூடாது" என்று சொல்லக் கடமைப்பட்டவரே மின் ஆய்வாளர். 1910ஆம் ஆண்டின் இந்திய மின்சாரச் சட்டத்திலேயே இப்பதவிக்கு இடம் இருந்தது. இன்று 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம், 162ஆம் பிரிவின்படி, தலைமை மின் ஆய்வாளரையும் மின் ஆய்வாளர்களையும் அரசு நியமிக்க வகைசெய்கிறது. உயர் அழுத்த மின்னமைப்புகளையும் பன்மாடிக் கட்டடங்களின் மின்னமைப்பையும் சோதித்தல், குறைகளை எழுத்தில் அறிவித்தல், விபத்து நேர்ந்தால் காரணத்தை விசாரித்தல் ஆகியவை இவர்தம் பணிகள்.

இப்பதவிக்கு வழி யாது என இளைஞர்கள் கேட்கலாம். மின்பொறியியலில் பட்டம் முதற்படி. தமிழ்நாட்டில் தேர்வாணையம் நடத்தும் தேர்வு வழியே உதவி மின் ஆய்வாளர்கள் எடுக்கப்படுகின்றனர். மத்திய அரசின் மின்பொறியியல் பணிக்கு யூ.பி.எஸ்.சி. நடத்தும் பொறியியல் பணித் தேர்வு உண்டு. நம் ராமகிருஷ்ணபுரத்தில் சேவா பவனில் இயங்கும் மத்திய மின்சார ஆணையத்திலும் தலைமை மின் ஆய்வகப் பிரிவு ஒன்று இருக்கிறது.

ஆனால் பட்டம் மட்டும் போதாது. 2006ஆம் ஆண்டின் விதிகள், பல ஆண்டுகள் மின்பொறியியல் தொழிலில் இடையறாது ஈடுபட்டிருத்தலையும் வேண்டுகின்றன. அதில் ஒரு பகுதி பட்டறையிலோ, மின் உற்பத்தி, செலுத்துகை, பகிர்மானத்திலோ, சட்ட நிர்வாகத்திலோ பொறுப்பான நிலையில் கழிந்திருக்க வேண்டும். நியமனம் பெற்றபின்பும் அரசு விதிக்கும் பயிற்சியை அதன் மனநிறைவுக்கேற்ப முடிக்கவேண்டும்.

இவ்வளவு அனுபவம் ஏன்? மெக்கரைச் சுற்றிக் காப்புத்தடையை அளக்க ஒரு வாரத்தில் பழகலாம். முள் காட்டும் எண் நல்லதாயிருந்தும் இணைப்பு கெட்டதாயிருக்கலாம். அதனைக் கருகல் வாடையாலும், நிறம் மாறிய உறையாலும் உணரப் பழகிய கண்ணும் மூக்கும் வேண்டும். அதனினும் அரிது, அவசரப்படுத்துவோர் முன்னிலையில் கையெழுத்திட மறுக்கும் நெஞ்சுறுதி. அதனை எக்கல்லூரியும் தேர்வுக்கு வைப்பதில்லை.

பட்டம் பயில வாய்ப்பில்லாதோர் மனந்தளர வேண்டா. ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன் தொழிலை இரண்டாண்டு பயின்று, அனுபவம் பெற்று, வயர்மேன், மேற்பார்வையாளர் என அரசுச் சான்றுகளை அடையலாம். ஆய்வாளர் ஆண்டில் ஒருநாள் வரலாம். நல்ல வயர்மேனோ நாள்தோறும் காவல் நிற்பவர்.

இனி நம் இல்லங்களுக்கு வருவோம். சில கோடைகளுக்கு முன், நம் காலனியில் ஒரு வீட்டில் இரும்புக் கூலர் ஓடிக்கொண்டிருந்தது. பலகையில் இரண்டு துளையே இருந்தமையால் பிளக்கின் மூன்றாம் முள்ளை யாரோ ஒடித்திருந்தார்கள். பம்பில் கசிவு உண்டாயிற்று. நீர் ஊற்றச் சென்ற சிறுவன் கூலரில் ஒட்டிக்கொண்டான். அவன் பாட்டியார் ஓடிச் சென்று சுவிட்சை அணைத்ததால் பிழைத்தான். அவ்வீட்டில் பலமுறை காபி அருந்திய நாம், ஒடிந்த முள்ளைக் கண்டிருந்தும், "பிறர் வீட்டுக் காரியம்" என வாளாவிருந்தோம். தொழிலறிந்த நமக்கு அந்த மௌனம் இன்றும் உறுத்துகிறது.

அந்த மூன்றாம் முள்ளே எர்த். இரும்புக்கூட்டில் மின்சாரம் கசிந்தால் அதற்கு எளிய வழியைக் காட்டி, ப்யூஸை உருகச் செய்து மின்னோட்டத்தை நிறுத்துவது அது. எர்த் இல்லையேல் நம் உடலே வழியாகும். உடலில் பாயும் சிறு மின்னோட்டத்தால் ப்யூஸ் உருகாது. ஆனால் அச்சிறு அளவே இதயத்தை நிறுத்தவல்லது. ஆதலின் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் காப்புக்கருவியையும் பொருத்துதல் நலம். கூலரில் நீர் ஊற்றுமுன் பிளக்கைப் பிடுங்குங்கள். குளிர்காலத்தில் வாளியில் இடும் ஹீட்டர் கம்பிக்கும் இதுவே விதி.

அன்பர்களே! இவ்விழாவுக்குப்பின் வீடு திரும்பியதும் ஒவ்வொரு பிளக்கையும் ஒருமுறை பாருங்கள். அண்டை வீட்டில் குறை கண்டால் தயங்காமல் சொல்லுங்கள். உங்கள் மகனோ மகளோ இத்தொழிலை நாடினால் மகிழ்ந்து அனுப்புங்கள். நல்ல ஆய்வாளரின் வெற்றி செய்தித்தாளில் வாராது. நேராத விபத்தை எவரும் எழுதுவதில்லை. அப்புகழற்ற பணிக்கு நம் காலனியிலிருந்து ஒருவரேனும் முன்வந்தால், நம் பேச்சு பயன்பெற்றதாகக் கருதுவோம்.