முன்பனிக் காலத்தில் ஒரு பாசறை



நம் முன்னோர் ஆண்டை ஆறு பருவங்களாகப் பகுத்து, அவற்றுள் இரண்டைப் பனிக்கே ஒதுக்கினர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. பெயர்கள் இருந்தும், சமவெளியில் வாழும் நமக்குக் குளிரைப் பற்றிய அறிவு குறைவு. விடியற்காலையில் ஒரு துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டால் போதும் என்ற அளவில் அது நின்றுவிடுகின்றது. ஆகவேதான், பள்ளிப் பிள்ளைகளை ஒரு வாரக்கடைசியில் மலைக்காட்டிற்கு அழைத்துச் சென்று கூடாரத்தில் தங்கவைக்கப் போகின்றோம் என்றவுடன் பெற்றோர் இரு கட்சியாகப் பிரிந்துவிடுகின்றனர். "குளிராவது ஒன்றாவது! ஓடியாடினால் சரியாகிவிடும்" என்பர் ஒரு சாரார். "மார்பில் சளி கட்டிக்கொண்டால் யார் பார்ப்பது?" என்று கேட்பர் மற்றொரு சாரார், இவர்களுள் பாட்டிமாரே பெரும்பான்மையர். முப்பத்தைந்து ஆண்டுப் பள்ளிப் பணியில் இரு திறத்தார் பேச்சையும் கேட்டிருக்கின்றேன். பாட்டிமார் பக்கமே நியாயம் மிகுதி என்பது என் கருத்து. ஆனால் அதற்காகப் பிள்ளைகளை வீட்டில் நிறுத்திவிடுதல் மருந்தன்று. முன்கூட்டித் திட்டமிடுதலே மருந்து. அத்திட்டத்தைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன்.

எடுத்துக்காட்டாக, சேலத்துப் பள்ளி ஒன்றிலிருந்து எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு மாணவ மாணவியர் 24 பேர் சேர்வராயன் மலைக்குச் செல்வதாக வைத்துக்கொள்வோம். உடன் ஆசிரியர் நால்வர். அவருள் இருவர் பெண்கள். சனிக்கிழமை காலை புறப்பட்டு ஞாயிறு மாலை திரும்புதல். முதன்முறை செல்வோர்க்கு ஓரிரவு போதும். சேலம் கடல் மட்டத்திற்குச் சுமார் 280 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி வெப்பம் குறையும் என்பது பொதுக்கணக்கு. ஆகவே கீழே பிள்ளைகள் உறங்கும் இரவைக் காட்டிலும் மேலே ஏழெட்டு டிகிரி குளிர் மிகுதி என்று எண்ணிக்கொள்ளலாம். இமயத்தில் பனிக்கட்டி பார்த்தவர் இதைக் கேட்டு நகைப்பர். நகைக்கட்டும். நனைந்த சட்டையும் வீசும் காற்றும் சேர்ந்துவிட்டால், நீர் உறையாத குளிரும் உடலின் வெப்பத்தை அபாயமான அளவிற்குப் பறித்துவிடும். அதற்குப் பனிக்கட்டி தேவையில்லை.

ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் எங்களுக்குப் பாடக்குறிப்பு எழுதக் கற்பித்தார்கள். வகுப்பில் எவன் விரைந்து விளங்கிக்கொள்வானோ அவனை மனத்தில் கொண்டு எழுதாதே. எவனுக்கு எட்டுவது அரிதோ அவனிடமிருந்து தொடங்கு என்பது அதன் அடிப்படை. பாசறைத் திட்டத்திற்கும் அதுவே பொருந்தும். இருபத்து நால்வருள் குளிரை மிகுதியாக உணரப்போகும் பிள்ளை யார்? மெலிந்த உடலுடையவனா? இளைப்பு நோய் உள்ளவளா? வீட்டில் கம்பளி என்ற பொருளே இல்லாதவனா? அப்பிள்ளையை அறிந்து, அப்பிள்ளைக்குப் போதுமான ஏற்பாட்டைச் செய்துவிட்டால் மற்ற இருபத்து மூவர்க்கும் அது போதும்.

நடைமுறையில் நடப்பதோ இதற்கு மாறு. 'கொண்டுவர வேண்டிய பொருள்கள்' என்று ஒரு தாள் அச்சிட்டு வகுப்பில் கொடுத்துவிடுகின்றோம். உறங்குபை ஒன்று, கம்பளிச் சட்டை இரண்டு, காலணி ஒரு சோடி, கைவிளக்கு ஒன்று என்று அது நீளும். மறுநாள் இரண்டு மூன்று பிள்ளைகள் வந்து, "ஐயா, அன்றைக்கு எங்கள் ஊரில் திருவிழா, நான் வரவில்லை" என்பார்கள். திருவிழா ஒன்றும் இராது. அத்தாளே அவர்களை வெளியேற்றிவிட்டது. சாரணர் இயக்கத்தைத் தோற்றுவித்த பேடன் பவல் 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் நடத்திய முதற்பாசறையில் ஏறத்தாழ இருபது சிறுவர்களே இருந்தனர். செல்வர் வீட்டுப் பிள்ளைகளையும் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளையும் அவர் வேண்டுமென்றே கலந்து, சிறு அணிகளாகப் பிரித்தார். அது கோடை, ஆயினும் அணி முறை குளிருக்கும் உதவும். அறுவர் கொண்ட நான்கு அணிகள் அமைத்துக்கொள்க. படுக்கைப் பொருள்களைத் தனி ஒருவர் பொறுப்பில் விடாமல், பாசறையின் பொதுப்பொருளாக ஆக்கிவிடுக. ஒரு வாரம் முன்னதாக, வீட்டில் எது உண்டோ அதைப் பள்ளிக்குக் கொண்டுவரச் சொல்லி, இல்லாதவற்றை வாடகைக்கோ இரவலுக்கோ பெற்று, அனைத்தையும் ஓரிடத்தில் சேர்த்து, அணிதோறும் சமமாகப் பகிர்ந்து கொடுக்கலாம். எது யார் வீட்டிலிருந்து வந்தது என்று எவருக்கும் தெரிய வேண்டுவதில்லை.

ஓராண்டு அவ்வாறு வந்த குவியலில், பழைய நூற்புடவைகள் நான்கைந்தை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தைத்த போர்வை ஒன்று இருந்தது. மாணவி ஒருத்தியின் தாயார் தைத்தது. பளபளப்பான புதிய உறங்குபை ஒன்றும் அதே குவியலில் கிடந்தது. கடையில் மிகுந்த விலை கொடுத்து வாங்கியது, துணியோ மெல்லியது. காலையில் விசாரித்தபோது, புடவைப் போர்வைக்குள் படுத்தவர் நன்கு உறங்கியிருந்தனர்; உறங்குபைக்காரர் விடியுமுன்னே எழுந்து உட்கார்ந்திருந்தார். இதில் வியப்பில்லை. உடலைக் காப்பது துணியன்று. துணிகளுக்கிடையே அசையாமல் அடைபட்டு நிற்கும் காற்று. அடுக்குகள் மிகுந்தால் அக்காற்றும் மிகும். அறிவியல் ஆசிரியர் உடன் வந்தால், வெப்பக் கடத்தலைப் பற்றிய பாடத்தை அங்கேயே நடத்திவிடலாம்.

குளிர் மேலிருந்து வருவதைக் காட்டிலும் கீழிருந்து மிகுதியாக வருகின்றது என்பதைப் புதியவர் அறியார். இரண்டு கம்பளிகளை மேலே போர்த்திக்கொண்டு வெறும் பாயில் படுப்பர். உடல் வெப்பத்தைத் தரை இரவெல்லாம் உறிஞ்சிக்கொண்டிருக்கும். உடலின் பாரத்தால் நசுங்கிய துணியில் காற்று நில்லாது. ஆதலால் அடியில் உலர்ந்த வைக்கோலை ஒரு சாண் உயரம் பரப்பி, அதன்மேல் சாக்கு, அதன்மேல் ஜமக்காளம் விரிக்க வேண்டும். பவானி ஜமக்காளத்தைப் போல் முரடாக நெய்தது கிடைத்தால் நன்று. வைக்கோல் இல்லையெனில் பழைய செய்தித்தாள்களைப் பல மடிப்பாக விரித்தாலும் பயன் உண்டு. பகலில் ஏறி இறங்கி வியர்த்த உடையோடு எவரும் படுக்கலாகாது. உறங்குவதற்கென்று உலர்ந்த உடை ஒன்றும், காலுறையும், காதை மூடும் குல்லாயும் தனிப்பையில் இருத்தல் வேண்டும். மாலை வரை அப்பையைத் திறக்கவே கூடாது.

புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்னர்ப் பள்ளித் திடலிலேயே ஓரிரவு ஒத்திகை நடத்துதல் மிகவும் இன்றியமையாதது. கூடாரம் அடிக்கக் கற்பதற்காக மட்டும் நான் இதைச் சொல்லவில்லை. இருட்டில் தனியே கழிப்பறைக்குச் செல்ல அஞ்சுபவர் யார், உறக்கத்தில் நடப்பவர் யார், படுக்கை நனைத்துவிடும் பிள்ளை யார் என்பன அவ்வோர் இரவில் தெரிந்துவிடும். பதின்மூன்று வயதிலும் சில பிள்ளைகளுக்கு அத்துன்பம் உண்டு. மலையில், நண்பர் நடுவில், நனைந்த படுக்கையில் நடுங்கிக்கொண்டு வாய்திறவாமல் கிடக்கும் நிலை ஒரு பிள்ளைக்கு வரலாகாது. மாற்றுடையும் விரிப்பும் ஆசிரியர் கூடாரத்தில் மறைவாக இருக்கின்றன என்பதை அப்பிள்ளைக்கு மட்டும் முன்னமே சொல்லி வைத்துவிட்டால் அதன் அச்சம் பாதி தீர்ந்துவிடும். இளைப்பு நோய் உடையோர்க்குக் குளிர்காற்றே மூச்சை அடைக்கும். மருத்துவர் ஒப்புதலும், உறிஞ்சு மருந்தும், அம்மருந்து யார் கையில் உள்ளது என்ற தெளிவும் வேண்டும்.

இனி நாளும் இடமும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் தெளிந்திருக்க வேண்டும். புல் காய்ந்து காடு தீப்பற்றும் நிலைக்கு வந்திருக்கலாகாது. பொங்கலுக்குப் பின் சனவரி முடியும் வரை உள்ள இரண்டு மூன்று வாரக்கடைசிகளே நமக்குத் தக்கவை. தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் 2018 மார்ச்சு 11-ஆம் நாள் மூண்ட காட்டுத்தீயில், மலையேறச் சென்றவர் 23 பேர் உயிரிழந்தனர். அவ்வாண்டிலேயே மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளை அரசு வகுத்தது. வன அலுவலரின் எழுத்து மூலமான இசைவின்றிக் காப்புக் காட்டில் அடியெடுத்து வைத்தல் சட்டத்திற்கு மாறானது. அதனினும் முதன்மையான காரணம் ஒன்று உண்டு: நாம் எங்கே இருக்கின்றோம் என்பது, நம்மைத் தேடி வரவேண்டியவர்க்குத் தெரிந்திருக்க வேண்டும். காட்டெருமைகள் நடமாடும் வழி எது என்பதையும் வனத்துறையினரும் அவ்வூர் மலைவாழ் மக்களுமே அறிவர். அவர்களைக் கேளாமல் வரைபடத்தைப் பார்த்து இடம் குறிப்பது அறிவுடைமையன்று.

காட்டின் உள்ளே செல்ல வேண்டுவதில்லை. காட்டின் ஓரமாக, மலையூர்ப் பள்ளி ஒன்றின் தாழ்வாரம் கூப்பிடு தொலைவில் இருக்கும் திறந்தவெளியே தக்கது. எதிர்பாராத மழை வந்தால் ஐந்து நிமிடத்தில் அனைவரும் கூரையின்கீழ் சென்றுவிடலாம். பள்ளத்தாக்கின் அடியில் கூடாரம் வேண்டா. குளிர்ந்த காற்று கனமாதலின் இரவில் நீரைப் போல் வழிந்து அங்கே தேங்கும். முகட்டின் உச்சியில் காற்று அறையும். இரண்டிற்கும் இடையே, கிழக்கு திறந்த சரிவு கிடைத்தால் காலை வெயில் முதலில் அங்கே விழும். மாலை நான்கு மணிக்குள் கூடாரங்கள் நின்றுவிட வேண்டும். ஆறேகால் மணிக்குள் கதிரவன் மறைந்துவிடும். அதன்பின் முளையடிக்கத் தேடினால் விரல்கள் பணிசெய்யா.

இப்பொழுது சொல்லப்போவதை மட்டும் நேயர்கள் மறவாது நினைவிற்கொள்ள வேண்டுகின்றேன். கூடாரத்திற்குள்ளோ மூடிய அறைக்குள்ளோ கரியடுப்பையோ தணல் சட்டியையோ ஒருபொழுதும் வைக்கலாகாது. அணைந்துவிட்டது போல் சாம்பல் பூத்திருக்கும் தணலையும் வைக்கலாகாது. எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்ற வாயு எழுகின்றது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபின் உயிர்வளியைப் பற்றுவதைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் வலுவாக அதனைப் பற்றிக்கொள்கின்றது. உறங்குபவர் இருமுவதில்லை, விழிப்பதில்லை. உறக்கத்திலேயே உயிர் பிரிந்துவிடுகின்றது. குளிருக்குக் கதகதப்பாக இருக்கட்டும் என்று அன்பினால் வைக்கப்படும் தணலே இதைச் செய்கின்றது என்பதுதான் கொடுமை. இரவு உணவு முடிந்தபின் ஆசிரியர் ஒருவர் ஒவ்வொரு கூடாரமாகத் தாமே சென்று பார்த்து, தணல் முழுவதும் நீரூற்றி அவிக்கப்பட்டதா என்று கையால் தொட்டு அறிந்த பிறகே படுக்கச் செல்ல வேண்டும். கூடாரத்தின் காற்றுவழியையும் குளிருக்கு அஞ்சி முற்றும் அடைத்தல் கூடாது.

உணவைப் பற்றி நெடிது உரைக்க வேண்டுவதில்லை. சூடாக இருக்க வேண்டும், நிறைய இருக்க வேண்டும். படுக்குமுன் ஒரு பிடி வேர்க்கடலையும் வெல்லமும் கொடுத்தால் உடலுக்கு இரவெல்லாம் எரிபொருள் கிடைக்கும். குளிரில் தாகம் தோன்றாது. ஆதலால் தண்ணீர் குடிக்க நினைவூட்ட வேண்டும்.

பொழுதுபோக்கிற்கென்று பெரிய நிகழ்ச்சி நிரல் எழுதுவோர் உண்டு. சனவரி வானம் இருக்க வேறு நிகழ்ச்சி எதற்கு? பஞ்சாங்கம் பார்த்து வளர்பிறை ஐந்தாம் நாளை ஒட்டிய சனிக்கிழமை கிடைத்தால், பத்து மணியளவு வரை நிலவொளி துணைநிற்கும். பின் விண்மீன்கள் தெளியும். கார்த்திகைக் கூட்டமும், செந்நிறத் திருவாதிரையும், தெற்கே அகத்திய மீனும் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும். நகரத்து விளக்குகளுக்கிடையே வளரும் பிள்ளைகள் பலர் அத்தனை மீன்களை அன்றுதான் காண்பர்.

இரவின் மிகுந்த குளிர் நள்ளிரவில் வருவதன்று; விடியலை ஒட்டி வருவது. நான்கு மணிக்குப் பிள்ளைகள் ஒவ்வொருவராக விழிப்பர். அப்பொழுது விழித்திருக்க ஓர் ஆசிரியரை முறைவைத்து அமர்த்தி, சுக்கும் மல்லியும் கருப்பட்டியும் இட்ட நீரைத் திறந்தவெளி அடுப்பில் கொதிக்கவைத்திருத்தல் வேண்டும். குளிர்கின்றது என்று சொல்ல வெட்கப்படும் பிள்ளையும், சுடுநீர் வேண்டுமா என்று கேட்டால் எழுந்து வரும். நடுக்கம் நிற்காதவர், பேச்சுக் குழறுபவர், விளையாட்டிலும் ஒதுங்கிச் சோர்ந்து உட்கார்பவர் எவரேனும் உண்டா என்று பார்த்துக்கொள்க. அவர்க்கு உலர்ந்த உடை, இரண்டு போர்வை, இருபுறமும் நண்பர், பிறகு தாழ்வாரத்திற்குள் இடம், தெளியாவிடில் மருத்துவமனை. அதற்கென ஓர் ஊர்தி இரவு முழுதும் அங்கே நிற்க வேண்டும். செலவைக் குறைக்க எண்ணி ஊர்தியைத் திருப்பி அனுப்புவோரை நான் ஒப்புவதில்லை.

திங்கட்கிழமை பள்ளித் திடலில் கூடாரங்களையும் கம்பளிகளையும் வெயிலில் விரித்துக் காயவைக்க வேண்டும். பனியில் நனைந்த துணியை ஈரத்தோடு மடித்தால் பூஞ்சை பற்றிவிடும். பிறகு எண்ணிச் சரிபார்த்து, அவரவர் வீட்டுப் பொருளை அவரவர்க்கு அனுப்பிவிடலாம். அவ்வாரம் முழுதும் இருமுகின்ற பிள்ளை எவரேனும் உண்டா என்று வகுப்பாசிரியர்கள் கவனித்து வருதல் நலம். பாட்டிமார் எப்படியும் கேட்பார்கள்.