உருபு தொலைந்தால் இலக்கணம் தொலையுமா?

‘நான் பிறந்த ஊர்’, ‘அவள் படிக்கும் புத்தகம்’, ‘கூரை இடிந்த வீடு’. இப்படிப்பட்ட தொடர்களைத் தமிழில் நாம் ஒரு நாளைக்கு நூறு முறை சொல்கிறோம். ஒரு பெயரைப் பற்றிய செய்தியை அந்தப் பெயரோடேயே ஒட்டிவைத்துச் சொல்வது எல்லா மொழிகளுக்கும் உள்ள தேவை. அந்தத் தேவையைப் போர்த்துக்கீசு மொழி எப்படி நிறைவேற்றுகிறது என்பதே இன்றைய உரையின் பொருள். பிரேசிலில் மட்டும் 20 கோடிப் பேருக்கு மேல் பேசும் அந்த மொழியில், இலக்கணப் புத்தகம் விதிக்கும் வடிவம் ஒன்றாக இருக்கிறது. வீட்டிலும் கடைத்தெருவிலும் பல்கலைக்கழக வளாகத்திலும் காதில் விழும் வடிவம் வேறாக இருக்கிறது. காதில் விழுவதைப் பிழை என்று ஒதுக்குவது அங்கே பள்ளிக்கூடங்களில் நெடுங்காலமாக வேரூன்றிய பழக்கம். அது ஒழுங்கான ஓர் இலக்கணம் என்பது என் கருத்து. அதைப் புரிந்துகொள்ளத் தமிழ் தெரிந்தவர்களுக்குக் கூடுதல் வசதி இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல விரும்புகிறேன்.

முதலில் நம் வீட்டைப் பார்ப்போம். தமிழில் இந்த வேலையைச் செய்வது பெயரெச்சம். ‘வாங்கிய’ என்று சொல்லி நிறுத்தினால் வாக்கியம் முடியாது. ஒரு பெயரைத் தேடி நிற்கும். ‘நான் வாங்கிய புத்தகம்’ என்றதும் முடிந்துவிடும். இங்கே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ‘நான் பிறந்த ஊர்’ என்கிறோம். ஊரில் பிறந்தேன் என்பதுதான் பொருள். ஆனால் அந்த ‘இல்’ தொடரில் எங்கும் இல்லை. ‘காய் நறுக்கிய கத்தி’ என்கிறோம். கத்தியால் நறுக்கினோம், ‘ஆல்’ இல்லை. ‘நான் பேசிய பெண்’ என்கிறோம், ‘ஓடு’ இல்லை. உருபு போனாலும் பொருள் போகவில்லை. தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் வினையியலில் இதைத் தெளிவாக வகுத்திருக்கிறார். நிலம், பொருள், காலம், கருவி, செய்பவன், செயல் ஆகிய ஆறும் பெயரெச்சத்துக்கு ஒரே மாதிரி உரியவை என்பது அவர் கணக்கு. ஆறு வெவ்வேறு உறவுகள் இருந்தும் எச்சத்தின் வடிவம் மாறுவதில்லை. எந்த உறவு என்பதை வினையும் பெயரும் சேர்ந்து கேட்பவருக்குச் சொல்லிவிடுகின்றன.

போர்த்துக்கீசில் வரிசை தலைகீழ். பெயர் முதலில் வரும். பிறகு ஓர் இணைப்புச் சொல். அதன்பின் முழுமையான ஒரு வாக்கியம். பிரேசில் உச்சரிப்பில் சொல்கிறேன்: ‘உ லிவ்ரு கி கொம்ப்ரெய்’. ‘லிவ்ரு’ என்றால் புத்தகம், ‘கொம்ப்ரெய்’ என்றால் வாங்கினேன், நடுவில் இருக்கும் ‘கி’ இரண்டையும் கோக்கும் சொல். நான் வாங்கிய புத்தகம் என்று பொருள். ஆளானாலும் பொருளானாலும், ஒன்றானாலும் பலவானாலும், இந்தக் ‘கி’ மாறாது. ஆங்கிலத்தில் இத்தகைய இடத்தில் இணைப்புச் சொல்லைச் சில நேரம் விட்டுவிடலாம்; போர்த்துக்கீசில் விடவே முடியாது. இதுவரை சிக்கல் ஒன்றுமில்லை. செய்பவரையோ செயப்படுபொருளையோ பற்றிப் பேசும்வரை நாட்டார் பேச்சும் இலக்கணப் புத்தகமும் ஒன்றேதான்.

சிக்கல் வேற்றுமையில் தொடங்குகிறது. நாம் பெயருக்குப் பின்னால் ஒட்டும் உருபை அவர்கள் பெயருக்கு முன்னால் தனிச் சொல்லாக வைக்கிறார்கள். அதை முன்னுருபு என்று சொல்லிக்கொள்வோம். ‘பிடிக்கும்’ என்ற பொருளுள்ள ‘கொஸ்தார்’ என்ற வினை ‘ஜி’ என்ற முன்னுருபைக் கேட்கும். ஆகவே ‘எனக்குப் பிடித்த படம்’ என்பதைப் புத்தக வழியில் ‘உ ஃபில்மி ஜி கி எவ் கோஸ்து’ என்று சொல்ல வேண்டும். அந்த ‘ஜி’யைத் தூக்கிக்கொண்டுபோய் இணைப்புச் சொல்லுக்கு முன்னால் வைக்க வேண்டும் என்பது விதி. ஆளைக் குறித்தால் முன்னுருபுக்குப் பின் ‘கி’ பெரும்பாலும் ‘கெய்ங்’ ஆகும்: ‘அ மோஸ கொங் கெய்ங் ஃபலெய்’, நான் பேசிய பெண். நீண்ட முன்னுருபு வந்தால் ‘உ குவாவ்’ என்ற வடிவம் தேவைப்படும். அது பாலுக்கும் எண்ணுக்கும் ஏற்ப மாறும். இடத்துக்கு மட்டும் ‘ஓன்ஜி’ என்று தனிச் சொல் உண்டு.

இவை எல்லாவற்றிலும் கடினமானது உடைமையைச் சொல்லும் ‘கூஜு’. கூரை இடிந்த வீட்டை ‘அ காஸ கூஜு தெல்யாது காயியு’ என்பார்கள். ‘காஸ’ என்ற வீடு அந்த மொழியில் பெண்பால். ‘தெல்யாது’ என்ற கூரை ஆண்பால். இணைப்புச் சொல் வீட்டை நோக்கித் திரும்பி நிற்கிறது, ஆனால் பாலை மட்டும் கூரையிடமிருந்து வாங்குகிறது. கூரைக்குப் பதில் பெண்பாலான சுவரைச் சொன்னால் ‘கூஜ’ என்றாக வேண்டும்; பன்மையானால் மறுபடியும் மாற வேண்டும். அடுத்து வரும் பெயரை வாயைத் திறப்பதற்கு முன்பே தீர்மானித்துவிட்ட ஒருவரால்தான் இதைத் தடுமாறாமல் சொல்ல முடியும். எழுதும்போது அந்த அவகாசம் உண்டு. பேச்சில் இல்லை.

பேச்சில் பிரேசில் மக்கள் என்ன செய்கிறார்கள்? ‘உ ஃபில்மி கி எவ் கோஸ்து’ என்கிறார்கள். ‘ஜி’ காணாமல் போகிறது. ‘அ சிதாஜி கி எவ் நஸி’ என்கிறார்கள், நான் பிறந்த நகரம். ‘இல்’ என்ற பொருள் தரும் முன்னுருபு அதில் இல்லை. ‘அ காஸ கி உ தெல்யாது காயியு’ என்கிறார்கள். ‘கூஜு’ போயே போய்விட்டது. இதை அங்குள்ள மொழியியலாளர்கள் ‘வெட்டும்’ முறை என்று அழைக்கிறார்கள். இன்னொரு முறையும் உண்டு. ‘அ மோஸ கி எவ் ஃபலெய் கொங் எல’ என்று, ‘அவளோடு’ என்ற சொல்லைக் கடைசியில் மறுபடியும் சேர்ப்பது. இது ‘படியெடுக்கும்’ முறை. படியெடுப்பதைப் படிப்பறியாதவர் பேச்சு என்று பலர் முகம் சுளிப்பார்கள். வெட்டுவதை அநேகமாக யாரும் கவனிப்பதேயில்லை, ஏனென்றால் கவனிக்க வேண்டியவர்களும் அப்படித்தான் பேசுகிறார்கள்.

இதை வெறும் அபிப்பிராயமாகச் சொல்லவில்லை. ஃபெர்னாந்து தராலு என்ற பிரேசில் மொழியியலாளர் 1983இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் அளித்த ஆய்வேடு முழுக்க முழுக்க இதைப் பற்றியது. பேச்சையும் பழைய எழுத்துகளையும் சேர்த்துப் பார்த்து, வெட்டும் முறை 19ஆம் நூற்றாண்டில் வேகமாகப் பெருகியதை அவர் காட்டினார். 1970களில் ரெசிஃபி, சால்வதோர், ரியோ டி ஜெனிரோ, சாவோ பாலோ, போர்த்து அலெக்ரி ஆகிய ஐந்து நகரங்களில் பல்கலைக்கழகப் படிப்பு முடித்தவர்களின் பேச்சைப் பதிவுசெய்த பெருந்திட்டம் ஒன்று நடந்தது. அத்தகைய படித்தவர்களின் பேச்சிலும் வெட்டும் முறை தாராளமாகக் கிடைக்கிறது. ‘கூஜு’ தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

பரவலாக இருப்பதாலேயே ஒன்று இலக்கணம் ஆகிவிடுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒழுங்கு இருந்தால்தான் இலக்கணம். ஒழுங்கைச் சோதிக்க ஒரு நல்ல வழி, எதை வெட்ட மாட்டார்கள் என்று பார்ப்பது. ‘எதிராக’ என்ற பொருள் தரும் ‘கோந்த்ர’ என்ற முன்னுருபை எடுத்துக்கொள்வோம். புத்தக வடிவம் ‘உ ப்ரொஜெத்து கோந்த்ர உ குவாவ் வொத்தெய்’, நான் எதிர்த்து வாக்களித்த மசோதா. இங்கே பிரேசில்காரர் ‘கோந்த்ர’வை வெட்டுவதில்லை, வெட்டினால் ஆதரித்து வாக்களித்ததாகப் பொருள் புரண்டுவிடும். அவர் அதைக் கடைசிக்குத் தள்ளி, ‘உ ப்ரொஜெத்து கி எவ் வொத்தெய் கோந்த்ர’ என்கிறார். ‘இல்லாமல்’ என்று பொருள்படும் ‘செய்ங்’ என்ற முன்னுருபுக்கும் இதே நடைமுறைதான். வினையைக் கேட்டதுமே ஊகித்துவிடக்கூடிய உருபு விழுகிறது. தன்னளவில் பொருள் சுமக்கும் உருபு நிற்கிறது. தமிழிலும் இதே கோடுதான் கிழிக்கப்பட்டிருக்கிறது. ‘நான் பிறந்த ஊர்’ என்பதில் ‘இல்’ விழுகிறது. ‘நான் எதிர்த்து வாக்களித்த மசோதா’ என்பதில் ‘எதிர்த்து’ என்ற சொல்லை நம்மில் யாரும் விடமாட்டோம். ஒன்றுக்கொன்று உறவில்லாத இரண்டு மொழிகளின் பேச்சாளர்கள் ஒரே இடத்தில் வெட்டி ஒரே இடத்தில் நிறுத்துகிறார்கள் என்றால், அதைச் சோம்பேறித்தனம் என்று எப்படிச் சொல்ல முடியும்?

அடுத்து வரும் மறுப்பு தெளிவைப் பற்றியது. ‘அ மோஸ கி எவ் ஃபலெய்’ என்றால் பெண்ணோடு பேசினேன் என்பதா, பெண்ணைப் பற்றிப் பேசினேன் என்பதா? மயக்கம் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் மயக்கம் இல்லாத வடிவம் எது? ‘புலி கொன்ற யானை’ என்று நாம் சொன்னால் கொன்றது எது, செத்தது எது? நம் இலக்கணக்காரர்கள் இப்படிப்பட்ட தொடர்களைத் தடுமாறு தொழிற்பெயர் என்று பெயரிட்டு ஆராய்ந்தார்கள், முன்பின் வரும் சொற்களைக் கொண்டு பொருளைத் தெளிந்துகொள்ளலாம் என்றார்கள், தொடரையே தடைசெய்துவிடவில்லை. புத்தகப் போர்த்துக்கீசும் இதற்கு விலக்கல்ல. செய்பவரானாலும் செயப்படுபொருளானாலும் ‘கி’ ஒன்றே. எழுவாய் வினைக்குப் பின்னாலும் வரலாம். அதனால் ‘புலியைக் கொன்ற யானை’ என்று சொல்லும் அவர்களுடைய பழுதற்ற வாக்கியத்தை, புலியால் கொல்லப்பட்ட யானை என்றும் படிக்க இடமிருக்கிறது. அதை எந்த ஆசிரியரும் சிவப்பு மையால் அடிப்பதில்லை. தெளிவுதான் அளவுகோல் என்றால் அதை இரண்டு பக்கமும் பிடிக்க வேண்டும்.

இது பிரேசிலில் நேர்ந்த சிதைவு, கல்வி பரவாததன் விளைவு என்பது மூன்றாவது மறுப்பு. வெட்டும் பழக்கம் போர்ச்சுகலிலும் உண்டு. 1995இல் பெரஸ், மோயா என்ற இருவர் போர்த்துக்கீசின் தகராறுக்குரிய இடங்களைத் தொகுத்து எழுதிய நூல் அங்குள்ள பத்திரிகை எழுத்திலிருந்தே பல எடுத்துக்காட்டுகளைத் தருகிறது. பக்கத்து வீடான ஸ்பானிய மொழியிலும் ‘கூஜு’வுக்கு இணையான சொல் பேச்சிலிருந்து விலகிக்கொண்டே வருகிறது. இன்னும் பின்னால் போனால், புத்தகம் காக்கும் ‘கி’ என்ற சொல்லே வெட்டுண்ட சொல்தான். லத்தீனில் இந்த இணைப்புச் சொல்லுக்குப் பால், எண், வேற்றுமை மூன்றும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு வடிவம். அந்த வடிவங்கள் உதிர்ந்து, ஒரே ‘கி’யாக எஞ்சின. ‘கூஜு’வும் ‘கெய்ங்’கும் அந்தப் பழைய வேற்றுமைகளின் மிச்சம். நூற்றாண்டுகளுக்கு முன் நடந்த உதிர்வை இலக்கணம் என்றும், இப்போது நடக்கும் உதிர்வைச் சிதைவு என்றும் பிரித்துச் சொல்வதற்கு மொழிக்குள்ளே காரணம் எதுவும் கிடையாது.

கடைசி மறுப்பு நடைமுறை சார்ந்தது. எனக்கு இதுவே கனமானதாகத் தோன்றுகிறது. பிரேசிலில் பல்கலைக்கழகத்துக்குள் நுழைய மாணவர்கள் எழுதும் ‘எனெம்’ தேர்வில் கட்டுரைக்கு 1000 மதிப்பெண். அதில் முதல் 200 எழுத்து வழக்கின் செம்மைக்கு உரியது. வெளிநாட்டவருக்கான ‘செல்பி பிராஸ்’ தேர்விலும் அலுவல் கடிதம் எழுதச் சொன்னால் புத்தக வடிவமே எடுபடும். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அந்த வடிவத்தைச் சொல்லிக்கொடுக்காமல் விட்டால் அது அவனுக்குச் செய்யும் துரோகம். ஆகவே அதைக் கற்பிக்கத்தான் வேண்டும். ஆனால் இன்னொரு வடிவத்தின் மேல் ஏறி நின்று கற்பிக்க வேண்டியதில்லை. நம் பிள்ளைகள் ‘நான் போறேன்’ என்று பேசி ‘நான் போகிறேன்’ என்று எழுதுகிறார்கள். பேச்சு தவறு என்று நம்பியதால் அவர்கள் எழுதக் கற்றுக்கொள்ளவில்லை. இரண்டும் வெவ்வேறு இடத்துக்கு உரியவை என்று புரிந்ததால் கற்றுக்கொண்டார்கள்.

தமிழ் வழியாகப் போர்த்துக்கீசுக்குள் போகிறவர்களுக்கு உண்மையான உழைப்பு வேறொரு இடத்தில் காத்திருக்கிறது. ‘தமிழ் தெரிந்த ஒருவரைத் தேடுகிறேன்’ என்று நாம் சொன்னால், அப்படி ஒருவர் ஏற்கெனவே இருக்கிறாரா, யாராவது கிடைத்தால் போதுமா என்று எச்சம் காட்டாது. போர்த்துக்கீசு காட்டும். எனக்குத் தெரிந்த குறிப்பிட்ட ஆள் என்றால் ‘கி சாபி’. அப்படி ஒருவர் இருக்கிறாரா என்றே தெரியாமல் தேடினால் ‘கி சாய்ப’. இணைப்புச் சொல்லுக்குப் பின் வரும் வினையின் வடிவமே மாறிவிடுகிறது. இந்த வேறுபாட்டைப் படித்தவர், படிக்காதவர் என்றில்லாமல் பிரேசிலில் பெரும்பாலோர் பேச்சிலேயே காப்பாற்றுகிறார்கள். நம் மொழியில் இதற்கு நேரான வடிவம் இல்லாததால் இதைத்தான் நாம் முயன்று பழக வேண்டும்.

தமிழும் போர்த்துக்கீசும் ஒன்றையொன்று இலக்கணக் கண்ணோடு பார்க்கத் தொடங்கியது புதிதல்ல. 16ஆம் நூற்றாண்டின் நடுவில் முத்துக்குளித்துறையில் பணியாற்றிய அன்றீக்கே அடிகளார் தமிழுக்குப் போர்த்துக்கீசில் ஓர் இலக்கணம் எழுதினார். கையெழுத்துப் படியாகவே இருந்த அந்த நூல் இன்று அச்சிலும் கிடைக்கிறது. அந்தப் பயணத்தை மறுதிசையில் தொடங்கும் நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். எழுதும்போது ‘ஜி கி’ என்றும் ‘கூஜு’ என்றும் முறையாக எழுதிப் பழகுங்கள். எதிரில் இருப்பவர் ‘உ ஃபில்மி கி எவ் கோஸ்து’ என்று சொன்னால் அவரைத் திருத்தப் போகாதீர்கள். அவர் தம் மொழியைச் சரியாகத்தான் பேசுகிறார்.