சகுனி தேவைப்படாத நகரங்கள்



எங்கள் களுதாவளைப் பிள்ளைகளுக்கு இப்போது சினிமா இரண்டாம் பட்சம். கைபேசியில் யப்பான் கார்ட்டூன் ஓடவேண்டும், அதிலும் நிஞ்சாக் கதை என்றால் சோறு ஆறிப்போகும். அந்தக் கதைகளில் எப்படியும் ஒரு சூதாட்ட ஊர் வந்துவிடும். இரவெல்லாம் விளக்கு, சாராயக் கடை, பகடை உருட்டும் மண்டபம், கடன் கேட்டு விரட்டும் முரடர்கள். மசாஷி கிஷிமோட்டோ 1999இல் வரையத் தொடங்கிய 'நருட்டோ'வில் சுனாடே என்று ஒருத்தி வருகிறாள். பெரிய வைத்தியக்காரி, ஊர்த் தலைவர் பரம்பரையில் பிறந்தவள். ஆனால் ஊர் ஊராய்ப் போய்ச் சூதாடித் தோற்பதில்தான் அவளுக்குப் பேர். தப்பித்தவறி வென்றுவிட்டால் முகம் கறுத்துவிடும், ஏதோ கேடு வரப்போகிறது என்று. சூதாடியின் மனதை அறிந்த ஒருவர்தான் இப்படி எழுதமுடியும்.

"மாமா, இப்பிடி ஒரு ஊர் உண்மையாவே இருக்கா?" என்று வீட்டுப் பொடியன் ஒருவன் கேட்டான். "இருக்கு மனே" என்றேன். அவனுக்கு அதற்கு மேல் கேட்க நேரமில்லை. உங்களுக்குக் கொஞ்சம் நேரம் இருக்கும் என்று நினைக்கிறேன்.

முதலில் நமக்கு மிகக் கிட்டிய சூதாட்டக் கதையைப் பார்ப்போம். களுவாஞ்சிகுடிச் சந்தியில் மேற்கே திரும்பி, பட்டிருப்புப் பாலத்தைத் தாண்டிப் போனால் பழுகாமம். கல்முனைப் பக்கம் போனால் பாண்டிருப்பு. இரண்டு ஊரிலும் திரௌபதை அம்மன் கோயில். சடங்குக் காலத்தில் பாண்டவர் வேடம் பூண்டவர்கள் வனவாசம் போவதைப் பார்க்கத் தெருவின் இரு பக்கமும் சனம் நிற்கும். தவநிலை, தீமிதிப்பு எல்லாம் அதற்குப் பின்னால். அழுகிற ஆச்சிமாரைக் கேட்டுப் பாருங்கள், ஏன் இந்தப் பிள்ளைகள் காட்டுக்குப் போகிறார்கள் என்று. "சகுனி செய்த வேலை" என்பார்கள்.

அது பாதிக் கதைதான். வியாச பாரதத்தில் சூது இரண்டு முறை நடக்கிறது. முதல் முறை தருமர் நாடு, தம்பிமார், தன்னை, திரௌபதியை என்று எல்லாவற்றையும் வைத்துத் தோற்கிறார். ஆனால் திரௌபதி சபையில் கேட்ட கேள்விக்குப் பிறகு திருதராட்டிரன் அவ்வளவையும் திருப்பிக் கொடுத்துவிடுகிறான். பாண்டவர் தேரேறி ஊருக்குப் புறப்பட்டும் விட்டார்கள். பாதி வழியில் ஓலைக்காரன் வந்து நிற்கிறான், இன்னொரு ஆட்டம் ஆட வரச்சொல்கிறார்கள் என்று. தருமர் திரும்பிப் போகிறார். ஒரே ஒரு ஆட்டம். பன்னிரண்டு வருடம் காடு, பதின்மூன்றாம் வருடம் தலைமறைவு. நாம் கோயிலில் பார்க்கும் வனவாசம் அந்த இரண்டாம் அழைப்புக்குக் கொடுத்த விலை.

பகடை தகப்பனின் எலும்பில் செய்தது என்று நாட்டார் கதை சொல்லும். அப்படிச் சொன்னால் நமக்கு மனம் ஆறும். ஏமாற்றினான், அதனால் தோற்றார் என்று பழியைச் சகுனி தலையில் போட்டுவிடலாம். இன்றைய சூதாட்ட மண்டபத்தில் அந்த ஆறுதலும் கிடையாது. அங்கே ஒருவரும் ஏமாற்றத் தேவையில்லை.

ரூலெட் சக்கரத்தை எடுங்கள். 1 முதல் 36 வரை இலக்கம், அவற்றோடு ஒரு பூச்சியம். மொத்தம் 37 குழி. ஒரு இலக்கத்தில் 100 ரூபாய் வைத்து அந்த இலக்கம் விழுந்தால், உங்கள் 100ஐயும் தந்து, மேலே 3,500 ரூபாய் தருவார்கள். பெரிய தாராளம் போலத் தெரியும். இப்போது ஒரு வேலை செய்யுங்கள், மனக்கணக்கில்தான். 37 குழியிலும் தலைக்கு 100 வையுங்கள். 3,700 ரூபாய் போட்டாயிற்று. பந்து எங்கே விழுந்தாலும் வெற்றி உங்களுக்குத்தான். கையில் வருவது 3,600. எல்லா இலக்கத்திலும் வென்ற மனிதனுக்கும் 100 ரூபாய் நட்டம். அந்த 100தான் மண்டபத்தின் வருமானம், மின்விளக்கு, கம்பளம், சம்பளம், இலவசச் சாப்பாடு எல்லாம். அமெரிக்கச் சக்கரங்களில் பெரும்பாலும் பூச்சியம் இரண்டு இருக்கும். 38 குழி, கொடுப்பது அதே 35 மடங்கு. இன்னொரு பூச்சியத்தைச் செதுக்கியதால் மண்டபத்தின் பங்கு ஏறக்குறைய இரட்டிப்பானது.

3,700க்கு 100 போவதை 100க்கு 2 ரூபாய் 70 சதம் என்று சொன்னால் "இவ்வளவுதானா?" என்று தோன்றும். வட்டிக்கடைக்காரர் மாதத்துக்கு ஒரு தடவை வட்டி கணக்குப் பார்ப்பார், இந்தச் சக்கரம் ஒவ்வொரு சுற்றுக்கும் பார்க்கும். சுற்றுக்கு 1,000 ரூபாயாக மணிக்கு 30 சுற்று ஆடினால் 30,000 ரூபாய் மேசையில் உருண்டுவிடும். அதில் சராசரியாக 800 ரூபாய் சொச்சம் போகும். ஒரு நாள் நீங்கள் வெல்லலாம், அதில் பொய் இல்லை. ஆடிக்கொண்டே இருந்தால்தான் கணக்கு தன் வேலையைக் காட்டும். ஆகையால் மண்டபத்துக்கு ஒரே ஒரு கவலை, ஆள் எழும்பிப் போகக்கூடாது, போனாலும் திரும்பி வரவேண்டும்.

ரவுடிகள் இந்தக் கதைக்குள் வருவது இந்த இடத்தில்தான். பகடையில் மோசடி செய்ய அல்ல, ஆளைக் கூட்டிவரவும் கடன் கொடுத்து அறவிடவும். இதற்கு மக்காவோவை விட நல்ல பாடம் இல்லை. தென்சீனக் கரையில் போர்த்துக்கேயர் பிடித்து வைத்திருந்த சின்னஞ்சிறு ஊர். 1962இலிருந்து சூதாட்டம் முழுவதும் ஸ்டான்லி ஹோவின் கொம்பனியிடம் இருந்தது. அங்கே பெரும் பணம் புரளுவது பக்கரா என்ற கடதாசி ஆட்டத்தில். சீனப் பெருநிலத்திலோ சூதாட்டமே குற்றம். அங்கிருந்து பணத்தை வெளியே கொண்டுபோகவும் கட்டுப்பாடு, சூதாட்டக் கடனுக்காக வழக்குப் போடவும் முடியாது. அப்படியானால் பணக்கார ஆட்டக்காரனுக்குக் கடன் கொடுப்பது யார், தோற்ற பிறகு அவனுடைய ஊருக்கே போய்க் கதவைத் தட்டுவது யார்? தரகர்கள். அறைகளை வாடகைக்கு எடுத்து, ஆளைக் கூட்டிவந்து, காய்களைக் கடனாய்க் கொடுத்து, பின்னர் வசூலிப்பவர்கள். அந்தத் தரகில் யாருக்கு எவ்வளவு என்ற சண்டைதான் தொண்ணூறுகளின் கடைசியில் மக்காவோவின் தெருக்களைத் துப்பாக்கிச் சத்தத்தால் நிரப்பியது.

14கே என்ற குழுவின் மக்காவோப் பிரிவுத் தலைவன் வான் குவொக்-கொய், பட்டப்பெயர் 'உடைந்த பல்'. தன் வாழ்க்கையைத் தழுவி ஒரு சினிமாவுக்குத் தானே பணம் போட்டவன். 1998 மே மாதம் பொலிஸ் அதிகாரி ஒருவரின் வாகனத்தில் குண்டு வெடித்து சில மணி நேரத்தில் அவனைப் பிடித்தார்கள். சிறையிலிருந்து 2012 டிசம்பரில் வெளியே வந்தான். கார்ட்டூன் வரைபவர்கள் கற்பனை செய்து கஷ்டப்படத் தேவையில்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். ஆனால் அவனை விட எனக்கு முக்கியமாய்ப் படுவது அதன் பிறகு நடந்தது. 2002இல் ஏகபோக உரிமை முடிந்து, அமெரிக்கக் கொம்பனிகள் வந்தன. 2006இல் மக்காவோவின் சூதாட்ட வருமானம் லாஸ் வேகாஸின் பெருந்தெருவை முந்திவிட்டது. துப்பாக்கிச் சத்தம் நின்றது, தரகு நிற்கவில்லை. கோட்டும் சூட்டுமாக இருந்த மிகப்பெரிய தரகர் அல்வின் சௌ என்பவருக்கு 2023 ஜனவரியில் 18 வருடச் சிறை விதித்தார்கள்.

கொழும்பிலும் சூதாட்ட மண்டபங்கள் பல காலமாய் உண்டு. 2010இல் கசினோத் தொழிலை ஒழுங்குபடுத்த ஒரு சட்டம் வந்தது. 2025இல் சூதாட்டத்துக்கென்று தனி அதிகார சபை அமைக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அதே 2025 ஓகஸ்ட்டில் கொழும்பு வாவிக்கரைக்குக் கிட்ட 'சிட்டி ஒப் டிறீம்ஸ்' கசினோ திறந்தது. ஜோன் கீல்ஸ், மெல்கோ என்ற இரு கொம்பனிகள் சேர்ந்து நடத்துவது, 100 கோடி டொலருக்கு மேற்பட்ட முதலீடு. மெல்கோவின் தலைவர் லோரன்ஸ் ஹோ, மக்காவோ ஸ்டான்லி ஹோவின் மகன். இலங்கையர் கசினோவுக்குள் நுழைய அரசுக்கு 50 டொலர் வரி என்று இருந்ததை 100 டொலராக்க அரசு முடிவெடுத்தது. நம்மவர் போகக்கூடாது, வெளிநாட்டார் வரட்டும் என்ற எண்ணம். அந்த எண்ணத்தில் ஒரு நேர்மையாவது இருக்கிறது, உள்ளே நடப்பது நமக்கு நல்லதல்ல என்று அரசே ஒப்புக்கொள்கிறதே. இதே அரசு சந்திக்குச் சந்தி சுவீப் ரிக்கற் விற்கிறது என்பதையும் மறக்கவேண்டாம். தேசிய லொத்தர் சபை 1963இல் தொடங்கியது. சைக்கிளில் பலகை கட்டிக்கொண்டு வெயிலில் நிற்கும் அந்த ரிக்கற்காரர் மேல் எனக்குக் கோபமில்லை. ஒரு ரிக்கற்றை வாங்கிச் சட்டைப்பையில் மடித்து வைப்பவன் அந்த இரவே வீட்டை வைத்து ஆடப்போவதில்லை.

வெற்றிலைக் கொழுந்து கிள்ளிக் கட்டி விற்றுச் சீவிக்கும் ஊருக்கு 100 டொலர் வாசலில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். சரிதான். கொழும்புக் கசினோ நம்மைத் தேடி வராது. நம்மைத் தேடி வருவது வேறு ஊர்.

தாய்லாந்து எல்லையில் மோய் என்றொரு ஆறு. சில இடங்களில் நம் ஊர் வாவியை விட ஒடுக்கம். அக்கரையில் மியன்மார். அங்கே ஷ்வே கொக்கோ என்ற கிராமத்தில் 2017 அளவில் ஒரு சீன வியாபாரியும், உள்ளூரில் ஆயுதம் வைத்திருக்கும் கரென் எல்லைக் காவல் படையும் சேர்ந்து ஒரு நகரம் கட்டத் தொடங்கினார்கள். ஹோட்டல், கசினோ, இரவு விளக்கு. அரசாங்கத்தின் கை எட்டாத இடம். நிஞ்சாக் கதையில் வரும் ஊர் என்றால் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும். பிறகு கொரோனா வந்து எல்லை மூடியது. ஆட்டக்காரன் வரமுடியவில்லை. கட்டடம் இருக்கிறது, இணையம் இருக்கிறது, காவலுக்குத் துவக்கும் இருக்கிறது. ஆட்டக்காரன் வராவிட்டால் என்ன, கைபேசி வழியாக நாமே அவனிடம் போவோம் என்று அந்தப் பக்கத்து முகாம்கள் தொழிலை மாற்றின. பொய்க் காதல், பொய் முதலீடு, இணையச் சூது. அதற்குத் தட்டச்சு செய்ய ஆள் வேண்டும். ஆங்கிலம் தெரிந்த, கணினி தெரிந்த, வேலை இல்லாத இளைஞர்.

அப்படித்தான் நம் நாட்டுப் பிள்ளைகளும் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். தாய்லாந்தில் கணினி வேலை, நல்ல சம்பளம், சாப்பாடு தங்குமிடம் இலவசம். சுற்றுலா விசாவில் பாங்கொக், அங்கிருந்து இரவோடிரவாக வாகனம், பிறகு ஆறு. கடவுச்சீட்டைப் பறித்துவிடுவார்கள். இலக்கை எட்டாவிட்டால் அடி, மின்சாரம் பாய்ச்சல். வீட்டுக்குப் போகவேண்டும் என்றால் பணம் கட்டவேண்டும். 2024இல் மியன்மாரின் மியாவாடிப் பக்கத்து முகாம்களில் இலங்கையர் சிக்கியிருக்கும் செய்தி வந்து, அரசு பேச்சுவார்த்தை நடத்திச் சிலரை மீட்டது. 2025 பெப்ரவரியில் தாய்லாந்து அந்தப் பகுதிகளுக்குப் போகும் மின்சாரத்தையும் எரிபொருளையும் இணையத்தையும் வெட்டியது. அதன் பிறகு பல நாட்டவர் ஆயிரக்கணக்கில் வெளியே வந்தார்கள். ஷ்வே கொக்கோவைத் தொடங்கிய ஷி ஜிஜியாங் 2022இல் பாங்கொக்கில் கைதாகி, 2025 நவம்பரில் சீனாவிடம் ஒப்படைக்கப்பட்டார்.

அங்கே அடைத்தால் இங்கே முளைக்கும். 2024 ஒக்ரோபரில் நம் நாட்டிலேயே பாணந்துறை, ஹங்வெல்ல, கண்டிப் பக்கங்களில் வாடகைக்கு எடுத்த இடங்களில் இணைய மோசடி செய்ததாக 200க்கு மேற்பட்ட சீனர்களைப் பொலிசார் கைது செய்தார்கள். அறை நிறையக் கணினியும் கைபேசியும்.

பாரதத்தில் முதல் அழைப்பைத் தருமரிடம் கொண்டுபோனது யார் தெரியுமா? விதுரன். பாண்டவர் மேல் உயிரையே வைத்திருந்த சிற்றப்பன். இது கெடுதி என்று திருதராட்டிரனிடம் சொல்லிப் பார்த்தும் கேட்காததால், மனமில்லாமல் தேரேறிப் போனவர். சகுனியே நேரில் போய்க் கூப்பிட்டிருந்தால் தருமர் ஒரு நிமிடமாவது யோசித்திருப்பார். மியன்மார் முகாம்களுக்குப் போனவர்களைக் கூப்பிட்டதும் பல தடவை தெரிந்த முகம்தான். முன்னால் போன சிநேகிதன், வகுப்பில் கூடப் படித்தவன், தூரத்து உறவு. சில முகாம்களில் இன்னொருவனைக் கொண்டுவந்து விட்டால் உன்னை விடுகிறோம் என்பார்கள். விதுரனுக்காவது போகிற இடம் நல்லதல்ல என்று தருமரிடம் சொல்லும் சுதந்திரம் இருந்தது. வாட்ஸ்அப்பில் கூப்பிடும் பிள்ளைக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது.

கைபேசிச் சூதாட்டச் செயலிகளும் தருமருக்கு வந்த அந்த இரண்டாம் ஓலையை நன்றாய்ப் படித்தவைதான். தோற்று எழும்பியவனுக்கு இரண்டு நாளில் ஒரு குறுஞ்செய்தி வரும், உங்கள் கணக்கில் 500 ரூபாய் போட்டிருக்கிறோம், வந்து ஆடுங்கள் என்று. திருதராட்டிரன் திருப்பிக் கொடுத்த நாடு போலத்தான் அந்த 500. தமிழ்நாடு 2023இல் இணையச் சூதாட்டத்தைத் தடைசெய்யும் சட்டத்தைக் கொண்டுவந்தது. 2025 ஓகஸ்ட்டில் இந்திய நாடாளுமன்றமே பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை நிறுத்தச் சட்டம் போட்டது.

இந்த உரையைக் கேட்கும் வீடுகளில் யாராவது ஒரு பிள்ளைக்குத் தாய்லாந்திலோ மியன்மாரிலோ லாவோசிலோ கணினி வேலை என்று அழைப்பு வந்திருந்தால் மூன்று விசயம் பாருங்கள். விசா சுற்றுலா விசாவா? விமானச் சீட்டை அவர்களே வாங்கித் தருகிறார்களா? வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியவேண்டாம் என்கிறார்களா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் பெட்டி கட்டுவதை நிறுத்திவிட்டு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு எடுத்துக் கேளுங்கள். கூப்பிட்டவர் உங்கள் சொந்தக்காரராய் இருந்தாலும் கேளுங்கள்.