தலாமஸுக்கு அடியில் ஓர் இரைச்சல்



திருவதிகை வீரட்டானேசுவரர் கோயிலில் திருநீறு வாங்க நிற்கும் பெரியவர்களின் கைகளைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். சிலருக்குக் கையை நீட்டும்போது நடுங்கும். வேறு சிலருக்கோ சும்மா தொங்கும் கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஓயாமல் உருட்டிக்கொண்டிருக்கும். திருநீற்றுக்கு நீட்டியதும் ஆட்டம் குறைந்துவிடும். இந்த இரண்டாவது வகை பெரும்பாலும் பார்கின்சன் நோயாக இருக்கும். நம் பக்கத்தில், “வயசாயிடுச்சு, அப்படித்தான்” என்று விட்டுவிடுகிறார்கள். விடக்கூடாது. இதற்கு மாத்திரை உண்டு. மாத்திரை போதாத சிலருக்கு அறுவைச் சிகிச்சையும் உண்டு. அது போய்ச் சேரும் இடத்தைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

மூளையின் நட்டநடுவே தலாமஸ் இருக்கிறது. கண்ணும் காதும் தோலும் அனுப்பும் சேதி மேல்மூளைக்கு அதன் வழியாகத்தான் போகும். மூக்குக்கு மட்டும் தனி வழி. தலாமஸுக்கு அடியில், ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் அளவில், நரம்பணுக்களின் ஒரு சிறு திரட்சி. பெயர் சப்தலாமிக் நியூக்ளியஸ். பிரெஞ்சு மருத்துவர் லுவீஸ் 1865-இல் இதை விவரித்தார். இதன் வேலை என்னவென்பது, இது கெட்டுப்போனவர்களைப் பார்த்துத்தான் புரிந்தது. ஒரு பக்கத்துத் திரட்சியில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டால், உடம்பின் எதிர்ப்பக்கத்துக் கையும் காலும் கட்டுக்கடங்காமல் வீசியடிக்கும். அப்படியென்றால் அசைவை அடக்கி வைப்பது இது. பார்கின்சன் நோயில் டோபமின் என்ற மூளை வேதிப்பொருள் குறையக் குறைய, இது அளவுக்கு மீறி அடக்குகிறது. 1990-இல் அமெரிக்காவில் டிலாங் குழுவினர், இந்த நோய் உண்டாக்கப்பட்ட குரங்குகளில் இந்த இடத்தை அழித்தபோது அவை மீண்டும் நன்றாக நடமாடின. மனிதரில் அழிக்கவே வேண்டாம், மெல்லிய கம்பியைப் பொருத்தி மின்சாரம் கொடுத்தால் போதும் என்று பிரான்சில் பெனாபிட் குழுவினர் சில ஆண்டுகளிலேயே காட்டினார்கள்.

சரி, மண்டைக்குள் இத்தனை ஆழத்தில் இவ்வளவு சின்ன இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஸ்கேன் வருவதற்கு முன்பே சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தியும் அவருடைய குழுவினரும் ஆழ்மூளை அறுவை செய்தவர்கள். அன்று அவர்கள் குறிவைத்தது பெரும்பாலும் தலாமஸையே. தலையில் உலோகச் சட்டத்தைத் திருகிப் பொருத்துவார்கள். மூளையின் உள்ளறைகளில் காற்றையோ மருந்தையோ செலுத்தி எக்ஸ்ரே எடுத்தால் அறையின் சுவர் தெரியும். அதில் முன்னும் பின்னுமாக இரண்டு நிலையான புள்ளிகள். அங்கிருந்துதான் எல்லா அளவும். நாம் பேசும் திரட்சிக்கு, அவற்றின் நடுவிலிருந்து பக்கவாட்டில் சுமார் 12 மில்லிமீட்டர், கீழே 4, பின்னே 3. அதே குழுவில் வளர்ந்த டாக்டர் டி. எஸ். கனகா ஆசியாவின் முதல் பெண் நரம்பியல் அறுவை நிபுணர் என்று போற்றப்படுபவர். மூளைக்குள் நீண்டநாள் தங்கும் மின்முனைகளை 1975-லேயே பொருத்தியவர். இந்த அம்மையாரைப் பற்றி நம் பள்ளிப் பாடநூல்கள் இன்னும் அதிகம் சொல்லலாம் என்பது என் எண்ணம்.

இன்று எம்.ஆர்.ஐ. இருக்கிறது. ஆனாலும் மூளை ஆளுக்கு ஆள் மில்லிமீட்டர் கணக்கில் மாறும். படத்தை மட்டும் நம்பிக் கம்பியை இறக்கிவிட முடியாது. அதனால் பல மருத்துவமனைகளில் காதையும் பயன்படுத்துகிறார்கள். வானொலியில் சொல்ல ஏற்ற விஷயம் இதுதான். தலைமுடியைவிட மெல்லிய முனையுள்ள கம்பி, நரம்பணுக்களின் மின்துடிப்பைப் பிடித்து ஒலிபெருக்கிக்கு அனுப்பும். தலாமஸைக் கடக்கும்போது அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சடசடப்பு. பிறகு கொஞ்சம் அமைதி. அடுத்து, பழைய ரேடியோவில் நிலையம் கிடைக்காத இடத்தில் முள் நிற்பதுபோல, அடர்ந்த இரைச்சல். வந்து சேர்ந்தாயிற்று! இரைச்சல் ஓய்ந்தால் அடிப்பக்கம் தாண்டிவிட்டது என்று பொருள்.

இத்தனை நேரமும் நோயாளி பெரும்பாலும் விழித்திருப்பார். மூளைத் திசுவுக்கு வலி தெரியாது. தோலை மரக்கச் செய்தால் போதும். “கையைத் தூக்குங்க ஐயா, ஒண்ணு ரெண்டு எண்ணுங்க” என்பார் மருத்துவர். மின்சாரத்தைக் கூட்டும்போது நடுக்கம் நிற்கிறதா, பேச்சு குழறுகிறதா என்று பார்த்துத்தான் இடம் உறுதியாகும்.

வரைபடங்களும் வளர்ந்துகொண்டே வருகின்றன. சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் ‘தரணி’யை வெளியிட்டது. கருவிலுள்ள குழந்தையின் மூளையை 5,132 சீவல்களாகக் காட்டும் முப்பரிமாணத் தொகுப்பு அது. யாரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். அண்ணாமலைநகரில் மருத்துவம் படிக்கும் ஒரு மாணவி, விடுதியில் உட்கார்ந்தபடியே, தலாமஸ் உருவாகிவரும் கட்டத்தைச் சீவல் சீவலாகப் புரட்டிப் பார்த்துவிடலாம்.