மனு எழுத ரைட்டர் மட்டும் போதுமே!



உங்க போனில் கூகுள் டாக்ஸ் ஒரு செயலி, ஷீட்ஸ் இன்னொரு செயலி. 2014-இல்தான் அவை தனித்தனிச் செயலிகளாக வந்தன. வேண்டியதை மட்டும் இறக்கிக்கொள்கிறீர்கள். வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய லேப்டாப்பிலும் இதைச் செய்யலாம் என்று சொல்லத்தான் வந்தேன்.

லிப்ரேஆபீஸ் தெரிந்திருக்கும். கடிதத்துக்கு ரைட்டர், கணக்குக்கு கால்க், ஸ்லைடுக்கு இம்ப்ரெஸ், இன்னும் டிரா, பேஸ், மேத். உருவாக்குகிறவர்கள் எல்லாவற்றையும் ஒரே மூலநிரலாகத்தான் தருகிறார்கள். டெபியன் லினக்ஸின் தன்னார்வலர்கள் அதைப் பிரித்து, தனித்தனித் தொகுப்புகளாகக் கட்டிக் கொடுக்கிறார்கள். சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியன் வழி வந்ததுதான்.

இதில் ஒரு வேடிக்கை. 'லிப்ரேஆபீஸ்' என்ற பெயரிலேயே இருக்கும் தொகுப்புக்குள் மென்பொருள் எதுவும் கிடையாது. அது வெறும் மளிகைச் சீட்டு மாதிரி. எதெது வேண்டும் என்று மட்டும் சொல்லும். அதைத் தேர்ந்தெடுத்தால் முழு மளிகையும் வீட்டுக்கு வந்துவிடும். மனு எழுதத்தானே வேண்டும்? 'லிப்ரேஆபீஸ்-ரைட்டர்' என்பதை மட்டும் தேர்ந்தெடுங்கள்.

ஆறில் ஒன்றை எடுத்தால் இடமும் ஆறில் ஒரு பங்கு ஆகும்னு நினைக்காதீங்க. 'கோர்', 'காமன்' என்ற இரண்டு தொகுப்புகள் ஆறுக்கும் பொது. எடை பெரும்பாலும் அங்கேதான். அதனால் ரைட்டரோடு பிறகு கால்க்கையும் சேர்த்தால் கொஞ்சம்தான் கூடும். போனில் அப்படி இல்லை. ஒவ்வொரு செயலியும் தன் சாமான்களைத் தானே சுமந்து வரும்.

இந்தப் பொதுத் தொகுப்புதான் ஆபத்தான இடமும். ஒருமுறை வட்டில் இடம் இல்லையென்று, 'கோர்' என்பதை ஏதோ உபரி என்று நினைத்து நீக்கச் சொன்னேன். கணினி ஒழுங்காகத்தான் பட்டியல் காட்டியது. நான் படிக்காமல் 'சரி' அழுத்தினேன். ரைட்டர், கால்க் எல்லாம் கூடவே போயின. மறுநாள் காலை கொடுக்கவேண்டிய விண்ணப்பம். இரவு பதினொரு மணிக்கு போன் டேட்டாவில் மறுபடி இறக்கினேன். கோப்பு பத்திரமாக இருந்தது, நல்லவேளை. தொகுப்பை நீக்கினால் நீங்கள் எழுதிய கோப்புகள் அழியாது. ஆனாலும், நீக்கும் முன் அந்தப் பட்டியலை ஒருதடவை வாசியுங்கள்.

தமிழ் விஷயமும் இதே கதைதான். மெனுக்கள் தமிழில் வேண்டுமென்றால் அதற்கான மொழித் தொகுப்பைத் தனியாக நிறுவ வேண்டும். சினாப்டிக் திறந்து 'லிப்ரேஆபீஸ்' என்று தேடினால், பெயரின் கடைசியில் 'டிஏ' என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளோடு இருக்கும். எழுத்துரு வேறு தொகுப்பு, தட்டச்சு முறை வேறு. தமிழ் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் ரைட்டரைத் திட்டாதீங்க. எழுத்துருவை நிறுவி, ரைட்டரை மூடித் திறந்து பாருங்கள்.