கிரெடிட்டா, டெபிட்டா?

சித்தூரில் மாங்காய் சீசன் வந்தால் கூழ் ஆலை வாசலில் டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்கும். ஏறி வருவது பெரும்பாலும் தோதாபுரி. நாம் கிளிமூக்கு என்போமே, அதேதான்.

சரக்குப் போட்ட விவசாயியின் பேங்க் கணக்குக்குப் பணம் வந்ததும், செல்போனில் ஆங்கிலத்தில் ஒரு செய்தி வரும். அதில் ஒரே ஒரு சொல்லைத் தேடுங்கள். கிரெடிட்டட் என்றிருந்தால் பணம் உள்ளே வந்தது. டெபிட்டட் என்றிருந்தால் வெளியே போனது. கிரெடிட் வரவு, டெபிட் பற்று. கிரெடிட் கார்டு மட்டும் கடன் அட்டையாம்! பெயர் வைத்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.

இந்தக் குழப்பம்தான் மோசடிக்காரர்களுக்குத் தோது. "ஐயா, பணம் அனுப்பியிருக்கேன், பின் நம்பரைப் போட்டு வாங்கிக்குங்க" என்பார்கள். போடாதீர்கள். பணம் வாங்கப் பின் நம்பர் வேண்டாம்.

திருப்பதி அலிபிரியில் பூக்காரம்மாவைப் பாருங்கள். கட்டம் போட்ட கியூஆர் அட்டையை நீட்டுகிறார். பின் நம்பர் போடுவது நாம். பணம் வருவது அவருக்கு. அவர் எதையும் அழுத்துவதில்லை. ஆமாம், வாங்கப் பின் நம்பர் வேண்டாம்.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால் யோசித்துக்கொண்டு உட்காராதீர்கள். உடனே 1930-க்குப் போன் போடுங்கள். ஒன்று, ஒன்பது, மூன்று, பூஜ்யம். சீக்கிரம் சொன்னால், திருடன் எடுப்பதற்குள் பணத்தை முடக்க வாய்ப்புண்டு.